வரைபவர் உள்ளம் முதிர்வது எப்போது?

குமுளியில் வாழும் நமக்கு இருவகை எழுத்தும் பழகிப்போனவை. கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலைப்பாதையில் ஏறிவரும் பேருந்து தமிழ்ப் பெயர்ப்பலகையைத் தாங்கிவந்து எல்லையோடு நின்றுவிடும். சாவடியைக் கடந்து சில அடிகள் நடந்தால் மலையாள எழுத்துகள் தொடங்கிவிடும். படிக்கத் தெரிந்தவர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆனால் ஏலத்தோட்ட வேலைக்காக நாள்தோறும் மலையேறும் நம் தாய்மாருள் பலர், வண்டியின் நிறத்தையும் ஓட்டுநரின் முகத்தையும் அடையாளமாகக் கொண்டே ஏறுகின்றனர். பலகையை எழுதியவர் அவர்களை நினைத்து எழுதவில்லை. ஒரு பலகையையோ, ஒரு பையையோ, ஒரு படிவத்தையோ அமைப்பவர், அதனைக் கையாளப்போகும் மனிதரை மனக்கண்ணால் கண்டாரா என்னும் வினா, பிற ஊரார்க்கு எப்படியோ, எல்லையில் வாழும் நமக்கு அன்றாட வினாவாகும்.

அவ்வாறு காணும் கண்ணை ஒருவர் கல்லூரியில் பெற முடியுமா? வடிவமைப்புக் கல்வி பயிலச் செல்லும் நம் பிள்ளைகளின் எண்ணம் அந்த நான்கைந்து ஆண்டுகளில் எவ்வாறு முதிர்கிறது? முதிர்கிறதா, அன்றி வெறும் கைத்திறன் மட்டும் வளர்கிறதா? நாம் பெரும் புலவரும் அல்லோம், பேராசிரியரும் அல்லோம். பி.ஏ. தேறி மைய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளைக் கட்டி அவிழ்த்துவரும் எழுத்தர். எனினும் நம் தமையனாரின் மகள் இக்கல்வியைப் பயின்றமையாலும், அவளுடைய கண்ணில் நேர்ந்த மாற்றத்தை அருகிருந்து கண்டமையாலும் இதனை எழுதத் துணிந்தோம்.

2018ஆம் ஆண்டில் அப்பெண் வடநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் பெற்றபோது வீட்டில் எழுந்த முதற் கேள்வி, “கோலம் போடக் கற்றுத்தர நான்கு வருஷமா?” என்பதாகும். கேட்டவர் நம் தமையனார். பொறியியல் என்றால் அவருக்கு விளங்கும். செவிலியர் படிப்பு என்றால் ஊருக்கே விளங்கும். வடிவமைப்பு என்ற சொல் அவர் செவியில் அலங்காரம் என்றே விழுந்தது. நமக்கும் அப்போது அதற்குமேல் தெரியாது என்பதை மறைப்பானேன்?

பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் சில செய்திகள் தெரியவந்தன. நம் சென்னையிலேயே 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைத்தொழிற் பள்ளி ஒன்றை நிறுவினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அதுவே. விடுதலைக்குப்பின், 1958ஆம் ஆண்டில், இந்திய அரசின் அழைப்பின்பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இருவர், கணவன் மனைவியர், நாட்டைச் சுற்றிப்பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1969இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கப்பெற்றது.

அந்த ஈம்ஸ் அறிக்கையில் நம் உள்ளத்தைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. மாளிகைகளையும் கோயில்களையும் கண்ட அவ்விருவரும் மிகுதியாக வியந்து எழுதியது எதைப்பற்றி என்று எண்ணுகிறீர்கள்? செம்பைப்பற்றி! நம் வீட்டுத் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கும் அதே செம்புதான். இதனை ஒருவர் புதிதாக வடிவமைக்க வேண்டுமாயின் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போகின்றனர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், ஏந்துவது ஆணின் கையா பெண்ணின் கையா, தலையில் வருமா இடுப்பில் வருமா, நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது சிந்துமா, உள்ளே கைவிட்டுத் துலக்க இயலுமா, தரையில் வைத்தால் என்ன ஒலி எழும், உடைந்தால் உலோகம் என்ன விலைக்குப் போகும் என இப்படி. இத்தனையையும் தனி ஒருவர் எண்ணிச் செய்துவிட முடியாது. பல தலைமுறைக் கைகள் திருத்தித் திருத்தி அமைத்த பொருள் அது என்பது அவர்கள் முடிபு. இதனைப் படித்தபின் நம் தமையனாரிடம், “அண்ணே, இவள் கோலம் படிக்கவில்லை, செம்பு படிக்கிறாள்” என்றோம். அவர் மேலும் கவலையுற்றார்.

முதலாண்டு விடுமுறையில் வந்த பெண் ஒரு பையைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பத்தா, அதாவது நம் அன்னையார், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏலக்காய் எடுத்தவர். அவருக்கென்று சணல் துணியில் தைத்த பை. தோளில் மாட்ட இரண்டு வார்கள். முகப்பில் ஏலச்செடியின் இலையைப் போன்று அழகிய பின்னல். வகுப்பில் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததாம். அன்னையார் மகிழ்ந்து மாட்டிக்கொண்டார். காய் எடுப்பதுபோல் குனிந்தார். பை முதுகிலிருந்து வழுக்கித் தலைக்குமேல் வந்து முன்னே தொங்கியது.

“குனிஞ்சா இது தலைக்கு மேல வருதே தாயி.”

ஏலத்தோட்டத்தைக் கண்டறியாதவர்க்கு ஒரு சொல். ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேல் ஓங்கி வளரும். காயோ தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருக்கவேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் முற்றாததும் கலந்திருக்கும். முற்றியதை மட்டும் விரலால் தெரிந்து கிள்ளவேண்டும். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அட்டைக் கடியைப் பொறுத்துக்கொண்டு செய்யும் வேலை அது. இத்தனையும் அப்பெண்ணுக்குத் தெரியும். அவள் பிறந்து வளர்ந்த வீடே அதுதான். தெரிந்திருந்தும் வரையும்போது அது நினைவுக்கு வரவில்லை. நிற்கின்ற பெண்ணுக்காக அவள் பை தைத்துவிட்டாள். தாளில் வரையும்போது எல்லாரும் நிற்கத்தான் செய்கிறார்கள் போலும்.

இதுதான் முதல் நிலை. மாணவர் தம் கையை மட்டும் காண்கின்ற காலம். அது குற்றமன்று, கையைப் பழக்காமல் கண்ணைப் பழக்க முடியாது. செருமனியில் 1919ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் பள்ளியிலும் புதியவர்க்கு முதலில் பொருள்களையும் நிறங்களையும் தொட்டுப் பழகும் தொடக்கப் பயிற்சியே தரப்பட்டது. உலகெங்கும் உள்ள வடிவமைப்புக் கல்லூரிகள் பல இன்றும் அவ்வழியிலேயே தொடங்குகின்றன.

இரண்டாமாண்டில் அவள் பேச்சு மாறியது. எதைக் கேட்டாலும், “அது அவரவர் பார்வையைப் பொறுத்தது சித்தப்பா” என்பாள். வீட்டில் எல்லாரையும் எதிர்த்துப் பேசினாள். இவ்வாண்டைக் கடக்கும் பிள்ளைகளைப்பற்றிப் பெற்றோர் பலரும் நம்மிடம் குறைபட்டுக்கொண்டதுண்டு. “படிக்க அனுப்பினோம், வாதாடக் கற்றுவந்திருக்கிறது” என்பர். அப்பெற்றோர்க்கு ஆறுதலாக ஒரு செய்தி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெரி என்பவர் மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துப் பேசி, அவர்களுடைய எண்ணம் எவ்வாறு மாறிவருகிறது என்பதை ஆராய்ந்து 1970ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மாணவர் முதலில் எல்லாவற்றுக்கும் சரியான விடை ஒன்றுண்டு, அது ஆசிரியரிடம் இருக்கிறது என நம்புகின்றனர். பின்னர், விடை பல. எவருடைய கருத்தும் எவருடையதற்கும் இளைத்ததன்று என்னும் நிலைக்கு வருகின்றனர். அதற்கும் அப்பால், எல்லாக் கருத்தும் ஒரே எடையுடையன அல்ல, சான்றைக்கொண்டு நிறுக்கவேண்டும் என உணர்கின்றனர். முடிவில், உறுதியான விடை கிட்டாதபோதும் ஒரு நிலையைத் தேர்ந்து அதற்குத் தாமே பொறுப்பேற்கின்றனர். இவ்வழியில் இடையே தங்கிவிடுவோரும் உண்டு, பின்வாங்குவோரும் உண்டு.

நடுவில் தங்கிவிடும் அந்நிலையை நாம் அஞ்சுகிறோம். ‘அவரவர் பார்வை’ என்பது கேட்பதற்குப் பெருந்தன்மைபோல் ஒலிக்கும். உண்மையில் அது எவருக்கும் விடைசொல்லாமல் தப்பிக்கும் வழி. நம் அலுவலகத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு: ‘விதிப்படி’. அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

வடிவமைப்பு மாணவரின் சிந்தனை பிறர் சிந்தனையிலிருந்து எங்கே பிரிகிறது என்பதை நேரே சோதித்தவர் பிரையன் லாசன் என்னும் ஆங்கிலேயர். பக்கங்களில் சிவப்பும் நீலமும் தீட்டிய மரக்கட்டைகளைக் கொடுத்து, வெளிச்சுவரில் ஒரு நிறம் இயன்றவரை மிகுதியாகத் தெரியுமாறு அடுக்கச் சொன்னார். எந்தக் கட்டை கட்டாயம் இடம்பெறவேண்டும் என்பதற்கு வெளியே சொல்லாத விதி ஒன்றும் இருந்தது. அறிவியலில் உயர்படிப்புப் பயில்வோர் பலவாறு அடுக்கிப்பார்த்து முதலில் அவ்விதியைக் கண்டுபிடிக்க முயன்றனர். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவரோ நல்லதெனத் தோன்றிய ஓர் அடுக்கைச் செய்து வைத்து, ‘இது ஆகுமா?’ என்று கேட்டனர். ஆகாது என்றால் அடுத்த நல்லதை வைத்தனர். செய்துபார்த்தே சிக்கலை அறிந்தனர். பள்ளி முடித்தவரிடமும், கட்டடக்கலையில் புதிதாகச் சேர்ந்தவரிடமும் அதே சோதனையை நடத்தியபோது இவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இவ்வழி பிறவியில் வந்ததன்று, கல்வி ஊட்டியது எனக் கொள்வதற்கு இடமுண்டு. 1980இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் வடிவமைப்பு மாணவர்களால் படிக்கப்படுகிறது.

அரிய சோதனைதான். ஆனால் மரக்கட்டைக்கு முதுகு வலிக்காது. ‘இது ஆகுமா?’ என்று கேட்டபோது விடை சொன்னது ஒரு விதி, மனிதரன்று. நம் வினாவின் கடினமான பாதி அங்கே எட்டப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அப்பாதியை நம் அன்னையாரே சுட்டிக்காட்டினார். இரண்டாமாண்டு நடுவில் வந்தபோது பெண் வேறொரு பையைக் கொண்டுவந்தாள். இம்முறை இடுப்பில் கட்டுவது, வாய் அகன்றது, குனிந்தாலும் சிந்தாது, பழைய மடிச்சாக்கைவிட இருமடங்கு கொள்ளும். அடிக்கடி எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வரவேண்டியதில்லை என்று அவள் விளக்கினாள். நமக்கு அது குறையற்றதாகவே தோன்றியது. அன்னையார் கட்டிப்பார்த்தார், நன்றாகத் தைத்திருப்பதாகச் சொன்னார். பின்னர்ச் சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்:

“பை பெருசானா கனமும் பெருசாகும் தாயி. நெறஞ்சாத்தான எந்திரிச்சு நடந்துபோயிக் கொட்டிட்டு வருவோம்? அந்த நடைதான் முதுகுக்கு ஓய்வு. அதையும் நீ எடுத்துப்பிட்டா எப்படி?”

அன்று அவள் முகத்தைப் பார்த்த நமக்கு, அவள் படிப்பின் உண்மையான தேர்வு அப்போதுதான் நடந்தது என்று தோன்றுகிறது. அதுவரை அவள் செய்த பிழைகள் தெரியாமையால் நேர்ந்தவை. இது வேறு. பை நன்றாகவே வேலை செய்தது. யாருக்கு? காய் மிகுதியாகச் சேர்ந்தால் மகிழ்பவர் ஒருவர். முதுகு நிமிராமல் போகிறவர் மற்றொருவர். செய்யச் சொல்பவரும் கையாள்பவரும் ஒருவரல்லர் என்பதை நூலில் படிப்பது எளிது. தன் அப்பத்தாவின் இடுப்பில் அதனைக் கட்டிப் பார்த்தபின் மறக்க முடியாது. அவள் அப்பையை வகுப்பில் காட்டவில்லை. ஆசிரியர் காரணம் கேட்டபோது, ‘ஓய்வை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்றாளாம். மதிப்பெண் குறைந்தது. அந்த ஆசிரியர் மட்டும் அவளை அழைத்து நெடுநேரம் பேசினார் என்றும் சொன்னாள்.

ஈண்டு ஒரு தடையை எழுப்பலாம். கல்லூரிக் கால் மிதியாத கிழவியாருக்கு அத்தெளிவு இருந்ததே. பின் பல்கலைக்கழகம் எதற்கு? நம் ஊர்ப்புறங்களில் ஏர் செய்த ஆசாரியாரும் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். ஏர்க்கால் கோணினால் மறுநாள் காலையிலேயே உழவர் அதனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்பார். திட்டும் கேட்கவேண்டும், திருத்தியும் கொடுக்கவேண்டும். செய்தவரும் கையாள்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்தமையால் பிழை திரும்பிவரும் வழி குறுகியதாயிருந்தது. செம்பு செம்பானதும் அவ்வாறே. இன்று வடிவமைப்பவர் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கிறார். கையாள்பவர் வண்டன்மேட்டிலும் குமுளியிலும் இருக்கிறார். பிழை எவர் வாசலுக்கும் திரும்புவதில்லை. அது முதுகிலேயே தங்கிவிடுகிறது.

நம் அன்னையார்க்குத் தம் முதுகு தெரியும். அவ்வறிவு அவருடம்பில் பிறந்தது, அவரோடு நின்றுவிடுவது. தாம் என்றும் காணப்போகாத ஒருவரின் முதுகை அறிந்துகொள்ளும் வழியைத் தேடுவது வேறு வகை முயற்சி. கேட்கவேண்டும், அமர்ந்து பார்க்கவேண்டும், அளக்கவேண்டும், செய்து கொடுத்துப் பிழையை வாங்கிக்கொள்ளவேண்டும். ஆசாரியாரின் வாசலைப் பல்கலைக்கழகம் செயற்கையாகக் கட்டித்தர முயல்கிறது எனலாம். கட்டித்தராத கல்லூரிகளும் உண்டு. அங்கிருந்து வருவோர் அழகாக வரைவர், அவ்வளவே.

பொறுமையோடு முதிர்ந்த உள்ளத்திற்கு எடுத்துக்காட்டாகத் தமிழர் ஒருவரை இங்கே நினைக்கலாம். நாம் அலுவலகத்தில் நாள்தோறும் எழுதும் ரூபாய்க் குறியீட்டை அமைத்தவர் உதயகுமார். சென்னையில் கட்டடக்கலை பயின்று, பின்னர் மும்பைத் தொழில் வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பியல் பயின்று, அங்கேயே தமிழ் எழுத்துருக்களைப்பற்றி முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொண்டவர். தேவநாகரி ‘ர’வும் உரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த அவருடைய குறியீட்டை மைய அமைச்சரவை 15-7-2010 அன்று ஏற்றது. மூன்று நான்கு கோடுகள்தாம், குழந்தையும் எழுதிவிடும். அக்கோடுகளை இழுக்குமுன் ஆண்டுக்கணக்கில் எழுத்தின் வளைவுகளை நோக்கிக்கொண்டிருந்த கண் ஒன்றிருந்தது என்பதை நாம் கோப்பில் தொகை எழுதும்போது நினைப்பதில்லை.

மீண்டும் நம் வீட்டிற்கு வருவோம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. பெண் குமுளிக்குத் திரும்பினாள். எல்லைச் சாவடியும் அடைபட்டு, தோட்ட ஜீப்புகள் ஓடாமல் நின்ற காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அச்செய்தி வந்த நாட்களில் நம் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. பெண் ஒருநாள் தாளில் ஒரு மலைச்சரிவை வரைந்து, அதன்மேல் நீண்ட கட்டம் ஒன்றை வரைந்தாள். “தாளில் பார்த்தால் லயம் ஒரு கோடுதான் சித்தப்பா. இந்தக் கோட்டை இங்கே போட்டவர் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அங்கே படுத்திருப்பாரா?” என்றாள். நாம் விடை சொல்லவில்லை. மழை எங்கும்தான் பெய்கிறது, மலை எங்கும்தான் சரிகிறது. எல்லாப் பழியையும் கோடு போட்டவர் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆயினும் அவ்வினாவைக் கேட்காமல் அடுத்த கோட்டைப் போடுவது எவ்வாறு?

பயண அனுமதி வந்தபின் அவள் நம் அலுவலகத்திற்கு வந்தாள். மூன்றாமாண்டுப் பணிக்காக, மக்கள் வந்து காத்திருக்கும் இடம் ஒன்றை நோக்கி எழுதவேண்டுமாம். மேலதிகாரியிடம் சொல்லி மூன்று நாள் விசிப்பலகையில் அமர்த்தினோம். தன் சித்தப்பாவைக் கண்டு பெருமைப்படுவாள் என்ற சிறு ஆசையும் நமக்கிருந்தது.

அவள் கண்டது வேறு. ஏலத்தோட்டத்தில் வேலைசெய்யும் மூதாட்டி ஒருவர் மூன்றாம் முறையாக வந்து திரும்பினார். படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். நம்மவர்க்கு அப்படி ஒன்று கிடையாது. வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம். அது மலையாளிகளுக்கு உண்டு, லயத்தில் இருப்பவர் எதை எழுதுவார்? மணமாகுமுன் தந்தையின் முதலெழுத்து, மணமானபின் கணவனின் முதலெழுத்து என்று ஒவ்வொரு சீட்டில் ஒவ்வொன்று. முதல்முறை ஒரு சீட்டு இல்லை என்று அனுப்பினோம். அதைக் கொண்டுவந்தபோது முதலெழுத்துப் பொருந்தவில்லை என்று அனுப்பினோம். அதைச் சரிசெய்து வந்தபோது கட்டம் நிரம்பவில்லை என்றோம். ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி. நாம் தவறொன்றும் செய்யவில்லை, எல்லாம் விதிப்படிதான்.

மாலையில் நடந்துவரும்போது அவள் கேட்டாள்: “சித்தப்பா, அந்தக் கட்டத்தை யார் வரைந்தது?”

இருபது ஆண்டுகளில் நமக்கு அக்கேள்வி தோன்றியதே இல்லை. மழை பெய்வதுபோல் படிவமும் தானே வந்ததாக எண்ணியிருந்தோம். யாரோ ஒருவர் எங்கோ மேசையில் அமர்ந்து அளவுகோல் வைத்துக் கோடிட்டிருக்கிறார். தம் பெயரும் தம் உறவினர் பெயரும் அதில் அடங்கியதால் எல்லார் பெயரும் அடங்கும் என்று எண்ணியிருக்கிறார். அவரிடம் பிழை திரும்பவில்லை. திரும்பவேண்டிய பிழையை முகப்பில் நின்று தடுத்து, அந்த மூதாட்டியின் கையிலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நாம்.

படிவத்தை மாற்ற அவளால் ஆகாது, நம்மாலும் ஆகாது. அவள் அரைத்தாள் ஒன்றைச் செய்தாள். முதல்முறை வரும்போதே என்னென்ன சீட்டுகள் வேண்டும், முதலெழுத்து மாறியிருந்தால் எதைக் காட்டலாம், வீட்டுப்பெயர் இல்லாதவர் அங்கே எதை எழுதலாம் என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில், சீட்டுகளின் படத்தோடு. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. முதலாண்டுப் பையில் இருந்த பின்னல் வேலையைத் தேடினால் கிடைக்காது. எழுத்தின் பருமனை மட்டும் ஏழெட்டு முறை மாற்றினாள்; விசிப்பலகையில் இருந்த பெண்களிடம் நீட்டி நீட்டிக் காட்டி, அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தாள். அது சுவரில் ஒட்டப்பட்டது. சில மாதம் இருந்தது. மீண்டும் மீண்டும் அலைவோர் குறைந்ததை நாம் கண்ணால் கண்டோம். பின்னர் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், முத்திரை இல்லாத அறிவிப்பு சுவரில் இருக்கலாகாது என்றார். எடுத்துவிட்டோம். தாள் நம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

2022இல் அவள் படிப்பு முடிந்தது. பெங்களூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. கைப்பேசித் திரைகளை அமைக்கும் பணி. கல்விக்கடன் தவணை மாதந்தோறும் போகிறது. நம் தமையனார் இப்போது வடிவமைப்பு என்ற சொல்லைத் தடுமாறாமல் சொல்கிறார்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தனியே அழைத்துப் பேசினாள். மாதச் சந்தா கட்டிய வாடிக்கையாளர் அதனை நிறுத்த விரும்பினால் அழுத்தவேண்டிய இடத்தைத் திரையில் எளிதில் காணமுடியாதவாறு அமைக்கச் சொல்கிறார்களாம். நான்கு திரை தாண்டி, மங்கலான நிறத்தில், சிறிய எழுத்தில். இத்தகைய ஏமாற்று அமைப்புகளைத் தடுக்க மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் நாள் நெறிமுறைகளை வெளியிட்டு, பதின்மூன்று வகைகளைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. அதனை அவள் மேலாளரிடம் எடுத்துச் சொன்னாள். இதெல்லாம் அந்தப் பதின்மூன்றில் அடங்காது என்று அவர் சிரித்தாராம். உண்மையில் சந்தா நிறுத்தும் வழியை மறைப்பதும் அவற்றுள் அடங்கும்; ஆயினும் வரிக்கும் வரிக்கும் இடையே வழி கண்டுபிடிப்பதில் வல்லவர்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றனர்.

“நான் செய்யாவிட்டால் அடுத்த மேசையில் இருப்பவர் செய்வார் சித்தப்பா. வேலையை விட்டால் கடன் இருக்கிறது. என்ன செய்ய?”

பெரியின் நூலில் சொன்ன கடைசி நிலை இதுதான் போலும்; விடை உறுதியில்லாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குப் பொறுப்பேற்றல். நூலில் அதனை மாணவப் பருவத்தின் முடிவாக வைத்திருக்கிறார்கள். நமக்கென்னவோ அது சம்பள நாளன்றுதான் தொடங்குகிறது என்று படுகிறது. கல்லூரி அவளுக்குக் கண்ணைக் கொடுத்தது. கண்ட பின் என்ன செய்வது என்பதற்குத் தவணைப் பணத்தையும் அதுவே கொடுக்க முடியாது. செய் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. விட்டுவிடு என்று சொல்ல உரிமை இல்லை. விதிப்படி, விதிப்படி என்று இருபது ஆண்டு முகப்பில் நின்றவர் எந்த முகத்தோடு அறிவுரை சொல்வது?

நாம் பேசாமலிருந்ததைப் பார்த்து அவளே பேச்சை மாற்றினாள்.

“அந்த அரைத்தாள் இன்னும் இருக்கா சித்தப்பா?”

இழுப்பறையில் இருக்கிறது என்றோம்.

“யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறீங்களா?”

சுவரில் ஒட்டக்கூடாது என்றுதான் அதிகாரி சொன்னார். கையில் கொடுக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அது நமக்கு அன்றே தெரியும். தெரிந்தும் கொடுக்கவில்லை. அதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாவின் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்குமுன் பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில் அத்தாளை ஐம்பது படி எடுத்தோம். சந்தா நிறுத்தும் அந்தத் திரையை அவள் எப்படி அமைத்தாள் என்பதை இன்னும் அவள் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. ஐம்பதில் முப்பத்தொன்று இதுவரை போயிருக்கிறது.